உணவுக் குழாய்ப் புற்றுநோயும் கதிர் சிகிச்சையும்

இந்நோய் பெரும்பாலும் உணவு வேளையிலேதான் முதன்முதலில் தலைகாட்டுகின்றது. சோற்றுக் கவளம் நெஞ்சில் நிற்பது போலத் தோன்றும். ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். அவசரமாக உண்டதால் நேர்ந்தது என்று எண்ணி அதை மறந்துவிடுகின்றோம். சில வாரங்கள் சென்றபின் சோற்றைக் குழைத்து உண்ண வேண்டியதாகின்றது. பின்னர்க் கஞ்சி ஒன்றே இறங்கும். அதற்கும் பின்னர்த் தண்ணீரும் இறங்குவதில்லை. உடல் மெலிந்து, வேட்டி இடுப்பில் நில்லாத நிலை வந்த பிறகே நம்மவர் மருத்துவமனையை நாடுகின்றனர். அப்போது நோய் முதிர்ந்திருக்கின்றது.

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. அறுவை, மருந்து, கதிர் என மூன்று வழிகள் உள்ளன. இவற்றுள் கதிர் சிகிச்சையைப் பற்றித்தான் நமது கிராமங்களில் அச்சமும் ஐயமும் மிகுதி. இடையில் நின்றுபோவதும் இதுவே. தொடங்கிய கதிர் சிகிச்சையை முடிவு வரை நடத்துவதில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஊருக்கும் பங்குண்டு. அந்தப் பங்கு யாதென விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் தன்மை

தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும் உணவுக் குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதற்கு முன்புறம் மூச்சுக் குழாயும் இருதயமும், பின்புறம் முதுகெலும்பும், இருமருங்கும் நுரையீரல்களும் அமைந்துள்ளன. வயிற்றிலுள்ள குடலுக்கு இருப்பது போன்ற வெளியுறை இக்குழாய்க்குப் பெரும்பகுதியும் இல்லை. ஆதலால் உட்புறத்தில் தோன்றும் புற்று, சுவரைக் கடந்து அண்டையிலுள்ள உறுப்புக்களை எளிதில் பற்றுகின்றது.

உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5,11,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 4,45,000 பேர் இதனால் இறந்தனர். காலங்கடந்து கண்டறிவதே இத்துணை இறப்புக்கு ஒரு முக்கிய காரணம்.

இந்நோயில் இரு வகைகள் உள்ளன. குழாயின் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் பெரும்பாலும் காணும் செதிள் அணுப் புற்று ஒன்று. இரைப்பையை ஒட்டிய கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் தோன்றும் சுரப்பி அணுப் புற்று மற்றொன்று. மேலை நாடுகள் பலவற்றில் பின்னது மிகுதி. நமது நாட்டில் முன்னது மிகுதி. புகையிலை, பீடி, சுருட்டு, மது, பாக்கு, புகையிலை சேர்த்த வெற்றிலை ஆகியவை முன்னதற்குக் காரணங்களாம். 65 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைப் பருகும் வழக்கமும் இந்நோய்க்குக் காரணமாகக் கூடும் என்று மேற்கூறிய நிலையம் 2016-ஆம் ஆண்டில் அறிவித்தது. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிப்போர் சற்று ஆறவைத்துப் பருகுவது நன்று.

விழுங்குவதில் தடை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். எண்டாஸ்கோப்பி எனும் மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்தி உட்புறத்தைக் காண்பர். ஐயமான இடத்தில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பர். நோய் உறுதியானால், எதுவரை பரவியுள்ளது என்பதை ஸ்கேன் படங்களால் அறிவர். அதன் பிறகே சிகிச்சை முறை முடிவாகும்.

கதிர் சிகிச்சை வளர்ந்த வரலாறு

1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1898-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். இவற்றைக் கொண்டு புற்றுநோயைத் தீர்க்கலாம் என்பது விரைவிலேயே தெரிந்தது. எனினும் அக்காலத்து எக்ஸ் கதிர் வலுவற்றது. மேல்தோலிலேயே பெரும்பகுதி தங்கித் தோலைப் புண்ணாக்கும். மார்பின் நடுவே ஆழத்தில் உள்ள உணவுக் குழாயை அது போதிய அளவில் எட்டவில்லை.

1951-ஆம் ஆண்டில் கனடாவில் கோபால்ட் இயந்திரம் பயனுக்கு வந்தது. அதன் கதிர் தோலுக்குக் குறைந்த தீங்கு செய்து ஆழமாகப் பாய்ந்தது. 1953-ஆம் ஆண்டில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் லீனியர் ஆக்ஸிலரேட்டர் எனும் நேர்கோட்டு முடுக்கி இயந்திரத்தால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை தரப்பட்டது. நமது மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெருமுயற்சியால் 1954-ஆம் ஆண்டில் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. 1957-ஆம் ஆண்டில் கனடாவிலிருந்து வந்த கோபால்ட் இயந்திரம் அங்கே நிறுவப்பட்டது. இன்று காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையிலுள்ள அரசினர் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையிலும், மதுரை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் அரசு மருத்துவமனைகளிலும் கதிர் சிகிச்சை நடைபெறுகின்றது.

கதிர் செய்யும் வேலை

இச்சிகிச்சையை நம் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்பர். இச்சொல்லே பலருக்கு அச்சத்தை விளைவிக்கின்றது. நோயாளியின் உடலில் மின்சாரம் பாய்வதே இல்லை. மின்சாரம் இயந்திரத்தை இயக்குவதோடு சரி. இயந்திரத்தினுள் எலெக்ட்ரான் துகள்கள் மிகு வேகத்தில் செலுத்தப்பட்டு, டங்ஸ்டன் தகட்டில் மோதுகின்றன. அம்மோதலில் ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர் பிறக்கின்றது. அக்கதிரே புற்றின் மீது செலுத்தப்படுகின்றது. எக்ஸ்ரே படம் எடுக்கும்போது எவ்வாறு வலி இல்லையோ, அவ்வாறே இதிலும் கதிர் பாயும்போது வலி இராது. இயந்திரம் நின்றவுடன் கதிரும் நின்றுவிடும். நோயாளியின் உடலில் கதிர் தங்குவதில்லை. ஆதலால் வீடு திரும்பியவர் குழந்தைகளை எடுத்துக் கொஞ்சுவதற்கும், குடும்பத்தாருடன் ஒன்றாக அமர்ந்து உண்பதற்கும் தடை ஏதுமில்லை.

உயிரணு ஒவ்வொன்றிலும் அது பெருகுவதற்கான குறிப்பைத் தாங்கிய நுண்ணிய இழை உண்டு. கதிர் அவ்விழையை அறுக்கின்றது. அறுபட்ட அணு பெருக முயலும்போது மடிகின்றது. நல்ல அணுக்களும் கதிரால் சேதமடைகின்றன. ஆனால் அவை அச்சேதத்தைச் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் சீர்செய்துகொள்கின்றன. புற்றணுக்களுக்கு அத்திறன் குறைவு. இந்த வேற்றுமையே சிகிச்சைக்கு அடிப்படை. முழு அளவையும் ஒரே நாளில் தந்தால் நல்ல திசுக்களும் அழியும். ஆகவே அதனைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து நாள்தோறும் தருகின்றனர்.

கதிரின் அளவை ‘கிரே’ எனும் அலகால் குறிப்பர். அறுவையின்றிக் கதிரையும் மருந்தையும் கொண்டே குணப்படுத்த முற்படும்போது, பல இடங்களில் ஒரு நாளைக்கு 1.8 கிரே வீதம் 28 முறை, ஆக 50.4 கிரே தருவது வழக்கம். வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு விடுமுறை. இவ்வாறு ஐந்தரை வாரங்களுக்கு மேல் செல்லும்.

இன்னும் கூடுதலாகத் தந்தால் விரைவில் குணமாகாதோ என்று கேட்கலாம். யூரியாவை இருமடங்கு இட்டால் விளைச்சல் இருமடங்காவதில்லை. பயிர்தான் சாய்கின்றது என்பதை உழவர் அறிவர். இங்கும் அவ்வாறே. அமெரிக்காவில் 50.4 கிரேயையும் 64.8 கிரேயையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வின் முடிவு 2002-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கூடுதல் அளவு பெற்றவர்கள் அதிக நாள் வாழவில்லை.

இன்றைய முறையில் புதுமை யாது?

குறி தவறாமையே இன்றைய கதிர் சிகிச்சையின் சிறப்பு. முதலில் நோயாளியைச் சிகிச்சையின்போது படுக்கவேண்டிய அதே நிலையில் படுக்கவைத்துச் சி. டி. ஸ்கேன் எடுக்கின்றனர். உடலில் சிறு புள்ளிகளோ மைக் கோடுகளோ இடுவர். இவை இயந்திரத்தை நேர்நிறுத்துவதற்கான எல்லைக் கற்கள் போன்றவை. மைக் கோடாயின் அதனைத் தேய்த்துக் கழுவிவிடலாகாது. நோய் கழுத்தருகே இருப்பின், தலையும் கழுத்தும் அசையாமலிருக்க முகத்துக்கேற்ற வலைமுகமூடி செய்வர். மூச்சு விடும்போது மார்பு அசைவதால் புற்றும் இடம்பெயரும். அந்த அசைவையும் படமெடுத்துக் கணக்கில் சேர்க்கும் முறை இப்போது உள்ளது.

பின்னர் மருத்துவர் படத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் புற்றின் எல்லையை வரைகின்றார். நுரையீரல், இருதயம், தண்டுவடம் ஆகியவற்றின் எல்லைகளையும் வரைகின்றார். தண்டுவடத்துக்கு ஏறத்தாழ 45 கிரேக்கு மேல் செல்லாதபடி பொதுவாகக் காப்பர். அளவு மிக மீறினால் கைகால் செயலிழக்கும் அபாயம் உண்டு. கதிர் எத்திசையிலிருந்து எவ்வளவு பாயவேண்டும் என்பதை மருத்துவ இயற்பியலாளர் கணிப்பொறியில் கணக்கிடுகின்றார். இப்பணிக்குச் சில நாட்கள் ஆகும். “ஆஸ்பத்திரியில் வீணே காக்கவைக்கின்றனர்” என்று இதனை எண்ணுதல் கூடாது.

இயந்திரத்தின் வாயில் டங்ஸ்டனால் ஆன மெல்லிய தகடுகள் பல வரிசையாக உள்ளன. வாய்க்கால் மடைகளைத் திறந்தும் அடைத்தும் நீரைத் திருப்புவது போல, இத்தகடுகள் தனித்தனியே நகர்ந்து கதிருக்குப் புற்றின் வடிவத்தைத் தருகின்றன. இயந்திரம் நோயாளியைச் சுற்றிவருகையில் தகடுகளும் நகர்ந்துகொண்டே இருக்கும். புற்றுக்கு முழு அளவும், அண்டை உறுப்புக்களுக்கு இயன்ற அளவு குறைவாகவும் கதிர் சேர்கின்றது. சிகிச்சைக்கு முன் படமெடுத்து, படுத்த நிலை சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. அறைக்குள் சென்று வெளிவரக் கால் மணி நேரம் போலாகும். கதிர் பாய்வது சில நிமிடங்களே.

மருந்துடன் சேர்ந்த கதிர்

கதிர் மட்டும் தருவதைவிட, மருந்தையும் உடன் தருவது மேலானது என்பது ஆராய்ச்சியில் உறுதிப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில் ஒரு பிரிவினருக்கு 64 கிரே கதிர் மட்டும் தந்தனர். மற்றொரு பிரிவினருக்கு 50 கிரே கதிருடன் மருந்தும் தந்தனர். ஐந்து ஆண்டுகள் கழிந்தபோது முதற்பிரிவில் ஒருவரும் உயிருடன் இல்லை. இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 26 பேர் உயிருடன் இருந்தனர்.

அறுவை செய்யக்கூடிய நோயாளிகளுக்கு, நெதர்லாந்து நாட்டு ஆய்வு ஒன்று வழிகாட்டிற்று. 366 நோயாளிகளைப் பற்றிய அதன் முடிவு 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு 23 முறையில் 41.4 கிரே கதிரும், வாரம் ஒருமுறை மருந்தும் தந்து, பின்னர் அறுவை செய்தனர். மற்றவர்களுக்கு அறுவை மட்டும் செய்தனர். வாழ்நாளின் இடைநிலை அளவு முதற்பிரிவில் 49.4 மாதம், மற்றதில் 24 மாதம். நமது நாட்டில் மிகுதியாகக் காணும் செதிள் அணுப் புற்றில் இச்சிகிச்சை இன்னும் நல்ல பலன் தந்தது. அத்தகையோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அறுவையில் எடுத்த பகுதியில் உயிருள்ள புற்றணு ஒன்றுகூடக் காணப்படவில்லை.

எல்லா நோயாளிக்கும் ஒரே வழி பொருந்தாது. கீழ்ப்பகுதியில் தோன்றும் சுரப்பி அணுப் புற்றுக்கு, அறுவைக்கு முன்னும் பின்னும் மருந்து மட்டும் தருவது கதிருடன் கூடிய முறையினும் மேலானது என்று 2024-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வு ஒன்று காட்டிற்று. ஆகவே அடுத்த ஊர்க்காரருக்குத் தந்த சிகிச்சையே தமக்கும் வேண்டுமென்று வற்புறுத்தலாகாது. நோயின் வகை, இடம், உடல் வலிமை ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர்கள் கூடி முடிவு செய்வர்.

மூன்றாம் வாரம்

முதல் வாரத்தில் நோயாளிக்குப் பெரிய தொல்லை ஏதும் தோன்றாது. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நெஞ்சில் எரிச்சலும், விழுங்கும்போது வலியும், அசதியும் தொடங்கும். நோய்க்கு முன்பு இறங்கிய கஞ்சியும் இப்போது இறங்க மறுக்கும். “வைத்தியத்துக்குப் பிறகுதான் நோய் கூடிற்று” என்று குடும்பத்தார் எண்ணுவர். வீட்டிலோ அறுவடை காத்திருக்கும். கறவை மாட்டைப் பார்க்க ஆளிராது. பயணத்துக்கும் தங்குவதற்கும் கையிலிருந்த பணம் கரைந்திருக்கும். “கொஞ்ச நாள் ஊரில் இருந்துவிட்டு வருவோம்” என்று திரும்பிவிடுகின்றனர். பலருடைய சிகிச்சை தோல்வியுறுவது இந்த இடத்திலேதான்.

இந்த வலி நோய் வளர்ந்ததன் அடையாளமன்று. குழாயின் உட்தோல் கதிரால் புண்பட்டதன் விளைவே. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும். வலி தணிக்கும் மருந்துகள் உள்ளன, கேட்டுப் பெறவேண்டும்.

இடையில் நிறுத்துவதன் தீங்கை உழவருக்கு விளக்க ஒரே சொல் போதும்: கோரை. கோரையை ஒருமுறை கொத்திவிட்டு வயலைக் கவனியாது விட்டால், கிழங்கிலிருந்து மீண்டும் முளைத்துப் படரும். தொடர்ந்து கொத்தினால்தான் கிழங்கு வலுவிழக்கும். கதிரால் அடிபட்டு எஞ்சிய புற்றணுக்களும் இடைவெளி கிடைத்தால் முன்னிலும் வேகமாகப் பெருகுகின்றன. இரண்டு வாரம் ஊரில் தங்கித் திரும்புபவர், விட்ட இடத்திலிருந்து தொடங்குவதாக எண்ணுகின்றார். புற்றோ அதற்குள் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுக்கொண்டிருக்கும். தவிர்க்க முடியாத காரணத்தால் ஒரு நாள் தவறினாலும் மருத்துவரிடம் உடனே கூறவேண்டும். அதனை ஈடுசெய்யும் வழியை அவர் வகுப்பார்.

சிகிச்சையை முடிக்க உடலில் வலு வேண்டும். சூடும் காரமும் புளிப்பும் இல்லாத மென்மையான உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை தருதல் நன்று. ஆறிய கேழ்வரகுக் கூழ், பால், குழைந்த பருப்புச் சாதம், வேகவைத்து மசித்த முட்டை, வாழைப்பழம் ஆகியவை ஏற்றவை. உட்கார்ந்தே உண்ண வேண்டும், உண்டவுடன் படுக்கலாகாது. புகையிலையும் மதுவும் அறவே விலக்கத்தக்கவை. வாய்வழி உணவு போதாதபோது மூக்கின் வழியாகவோ வயிற்றின் வழியாகவோ உணவுக் குழல் பொருத்துவர். “குழல் வைத்தால் முடிவு நெருங்கிவிட்டது” என்று சொல்வது தவறு. சிகிச்சையை முடிக்கும் வலுவைத் தருவதற்கே அக்குழல். பெரும்பாலும் பின்னர் எடுத்துவிடுவர்.

சிகிச்சை முடிந்து சில மாதங்களுக்குப் பின் உணவுக் குழாய் சுருங்குதலும், நுரையீரல் அழற்சியும் சிலருக்கு நேரக்கூடும். மீண்டும் விழுங்கத் தடையோ, இருமலோ, மூச்சுத் திணறலோ தோன்றினால் மருத்துவமனைக்கு உடனே செல்லவேண்டும். சுருங்கிய குழாயை விரிவாக்க வழியுண்டு.

நோய் பரவிய பின்

நோய் வேறு உறுப்புக்களுக்குப் பரவிவிட்டால் முழுக் குணம் அரிது. அப்போதும் கதிருக்குப் பயனுண்டு. ஒரு வாரம் அல்லது இரு வாரச் சிகிச்சையால் பலருக்கு அடைப்புத் தளர்ந்து உணவு இறங்குகின்றது. உணவுக் குழாயினுள் மெல்லிய குழலைச் செலுத்தி உள்ளிருந்தே கதிர் தரும் முறையும் உண்டு. கம்பிவலைக் குழாயைப் பொருத்தி வழியைத் திறந்துவைப்பதும் உண்டு. கம்பிவலைக் குழாய் விரைவில் பலன் தருகின்றது. உட்கதிரின் பலன் நீண்டு நிற்கின்றது என்று 2004-ஆம் ஆண்டில் வெளியான நெதர்லாந்து ஆய்வு கூறிற்று. இருக்கும் நாட்களில் வீட்டாருடன் அமர்ந்து வாயால் உண்ணும் நிலை கிடைப்பது சிறிய நன்மையன்று.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

மருத்துவமனை கதிரைத் தரும். நோயாளி நாள்தோறும் அதன்முன் வந்து நிற்பதற்கு ஊரின் துணை வேண்டும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

1. விழுங்குவதில் தடை இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைக் காணவேண்டும் என்பதைக் கிராம சபைக் கூட்டத்தில் எடுத்துரைத்தல். கிராம சுகாதாரச் செவிலியரின் உதவியை இதற்குப் பெறலாம்.

2. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க் கதிர் சிகிச்சையும் அடங்கும். தகுதியுள்ள குடும்பங்கள் நோய் வருமுன்பே அதன் அட்டையைப் பெற்றிருக்கின்றனவா என்று பார்த்தல். நோயாளி வருமானச் சான்றுக்கும் அட்டைக்கும் அலைவதில் வாரங்கள் வீணாகலாகாது.

3. புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டுப் பெறுமாறு கூறுதல். நாள்தோறும் போய்வர இயலாதவர் தங்குவதற்கு மருத்துவமனை அருகில் இடமுண்டா என்று முன்கூட்டியே விசாரித்தல்.

4. ஆறு வாரக் காலம் நோயாளியின் வயலுக்குத் தண்ணீர் கட்டவும், மாட்டுக்குத் தீனி போடவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் அண்டை வீட்டார் முறைவைத்து உதவுமாறு ஏற்பாடு செய்தல்.

5. சிகிச்சையின் இடையில் எவரேனும் ஊர் திரும்பியிருந்தால், குறை கூறாமல் காரணம் கேட்டறிந்து, மறுநாளே திரும்பிச் செல்ல உதவுதல்.

இவற்றுள் பெரும் பொருட்செலவு வேண்டுவது ஒன்றுமில்லை. ஊரார் கூடி ஏரிக்கரையைக் காத்த மரபு நம்முடையது. கரையில் ஓரிடம் உடைந்தால் நீர் முழுவதும் வீணாகும் என்பதை நாம் நன்கறிவோம். இருபத்தெட்டு நாட் சிகிச்சையும் அத்தகையதே. இடையில் உடைப்பு நேராதபடி காப்பது மருத்துவரால் மட்டும் ஆகக்கூடியதன்று. நமது ஊரில் அடுத்து ஒருவர் சோற்றுக் கவளத்தைத் தண்ணீர் விட்டு விழுங்குவதைக் கண்டால், அவரை அன்றே மருத்துவமனைக்கு அனுப்புவோம்; சிகிச்சை முடியும்வரை அவருக்குத் துணை நிற்போம்.